வலியை எண்ணும் முறை: முத்துக்குளித்துறையில் முடக்குவாதமும் ஆண் பெண் வேறுபாடும்

முடக்குவாதம் உடலை இறுக்கிப் பிடிக்கும் நேரம் அதிகாலை. நள்ளிரவு தாண்டியதும் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் இரத்தத்தில் ஏறத் தொடங்கி, விடியும் வேளையில் உச்சத்தைத் தொடுகின்றன. அவற்றைத் தணிக்க வேண்டிய கார்ட்டிசால் என்ற சுரப்பு இந்த நோயாளிகளிடம் தேவைக்கேற்ப எழுவதில்லை. விரல் மடங்காது, மணிக்கட்டு திரும்பாது, பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாது. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்துத்தான் மூட்டுகள் மெல்ல இளகும்.

முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கரையில் வேலை தொடங்குவதும் அதே நேரத்தில்தான். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் உப்பளத்துப் பெண்கள் இரவு இரண்டு, மூன்று மணிக்கே எழுந்து, சோறு பொங்கி வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். விசைப்படகுகளும் வள்ளங்களும் இருட்டோடு கடலில் இறங்குகின்றன. மீன் வாங்கி விற்கும் பெண் விடியுமுன்னே ஏலக்கூடத்தில் நிற்கிறாள். நோயின் கடிகாரமும் இந்தக் கரையின் கடிகாரமும் மோதிக்கொள்ளும் இடம் இது. ஆனால் மருத்துவமனையில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கும்?” மூன்று மணிக்கு எழுந்து, வலியோடு வலியாக அடுப்பு மூட்டி, ஐந்து மணிக்கு உப்புப் பாத்தியில் இறங்கியவளுக்கு எது காலை? “அப்படி ஒண்ணும் இல்ல சார், வேலை செய்யச் செய்யச் சரியாப் போகும்” என்றுதான் அவள் சொல்வாள். அந்தப் பதில் சீட்டில் எப்படி ஏறுகிறது என்பதைப் பொறுத்து அவளுடைய நோய் இருக்கிறது அல்லது இல்லாமல் போகிறது.

முடக்குவாதம் ஆணையும் பெண்ணையும் எப்படி வேறுவேறாகத் தாக்குகிறது என்ற கேள்விக்கு உடலியல் ஒரு பாதி விடையைத்தான் தருகிறது. மறு பாதி, வலியை யார், எங்கே நின்று, எந்தக் கருவியைக் கொண்டு எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் பாதியைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்றும், நம் ஊர்களில் சரவாங்கி, மூட்டுவாதம் என்றும் சொல்லும் இந்த நோய், வயதானால் முழங்கால் தேய்வதால் வரும் வலி அல்ல. உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த மூட்டுகளின் உள்சவ்வையே பகையாக எண்ணித் தாக்குவது. கை விரல்களின் அடி மூட்டுகள், நடு மூட்டுகள், மணிக்கட்டு, கால் விரல்களின் அடிப்பந்து ஆகியவற்றில் இரு பக்கமும் ஒரே சீராகத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்து விரல்களைக் கோணலாக்கும். நுரையீரல், இதயம், கண், இரத்தக்குழாய் எதையும் விட்டுவைக்காது. நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிலருடைய இரத்தத்தில் சிட்ருலின் சேர்ந்த புரதங்களுக்கு எதிரான நோய் எதிர்ப்பொருள் தோன்றிவிடுகிறது. 30 வயதிலும் வரும், 60 வயதிலும் வரும்.

இந்தியாவில் இது எத்தனை பேருக்கு இருக்கிறது? வீடு வீடாகச் சென்று எண்ணிய ஆய்வுகளில் முக்கியமானது மருத்துவர் ஏ.என். மாளவியா குழுவினர் அரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் நடத்தி 1993இல் வெளியிட்டது. விசாரிக்கப்பட்ட 39,826 பெரியவர்களில் 299 பேருக்கு நோய் உறுதியானது. அதாவது 0.75 சதவீதம். மகாராட்டிரத்தின் பிக்வண் கிராமத்தில் மருத்துவர் அரவிந்த் சோப்ரா 1996இல் தொடங்கிய கணக்கெடுப்பு அரை சதவீதத்தையொட்டிய அளவைச் சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி தூத்துக்குடி மாவட்டத்தின் மக்கள்தொகை 17,50,176. பெரியவர்கள் சுமார் 12 லட்சம் என்று கொண்டு இந்த விகிதங்களைப் பொருத்தினால், மாவட்டத்தில் 6,000 முதல் 9,000 பேர் வரை இந்த நோயோடு வாழக்கூடும். உலகெங்கும் பெண்களுக்கு இரண்டிலிருந்து மூன்று மடங்கு அதிகமாக வருகிறது என்பதால், இவர்களில் பெரும்பங்கு பெண்கள். இது என் கூட்டிக்கழிப்பு, ஆய்வு முடிவு அல்ல. என்றாலும் ஒரு மாவட்ட மருத்துவமனை தன் திட்டத்தை வகுக்கத் தொடங்க இந்த அளவு போதும்.

பெண்களின் நோய் என்ற எண்ணம் பழையது. இதை முதன்முதலாகத் தனி நோயாகப் பிரித்து எழுதியவர் பாரிஸின் இளம் மருத்துவர் லாந்த்ரே-போவே. 1800ஆம் ஆண்டின் அவருடைய ஆய்வேட்டில் ஒன்பது நோயாளிகள் வருகிறார்கள். ஒன்பது பேரும் பெண்கள், ஒன்பது பேரும் ஏழைகள். செல்வந்த ஆண்களின் நோயாகக் கருதப்பட்ட கவுட் வாதத்திலிருந்து இது வேறு என்று அவர் கண்டது பெரிய காரியம். ஆனால் அவர் பணியாற்றிய சால்பெத்ரியேர் ஏழைப் பெண்களை அடைத்து வைத்துப் பேணிய மருத்துவமனை. அங்கே நின்று எண்ணியவருக்கு வேறு யார் கண்ணில் பட்டிருப்பார்கள்? நோயின் முதல் விவரணையிலேயே எண்ணுபவர் நிற்கும் இடம் கலந்துவிட்டது. இன்றைக்கும் அது கலந்தே கிடக்கிறது.

பெண்ணுடலில் ஏன் அதிகம் என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். அவற்றில் ஒன்றை அடக்கி வைக்கும் வேலையைச் செய்வது எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ. இது சில புரதங்களோடு சேர்ந்து உருவாக்கும் கூட்டே எதிர்ப்பாற்றலைத் தன் உடலுக்கு எதிராகத் திருப்பிவிடக்கூடும் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் எலிகளில் காட்டினர். ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும் காலங்களும் முக்கியம். மாதவிடாய் நிற்கும் வயதையொட்டிப் பெண்களிடம் நோய் கூடுகிறது. சீக்கிரமே மாதவிடாய் நின்றவர்களிடம் இன்னும் கூடுதல். நீண்டகாலம் தாய்ப்பால் கொடுத்தவர்களிடம் நோய்வாய்ப்பு குறைவதை அமெரிக்கச் செவிலியர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியது.

எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது கர்ப்பம். கருவுற்ற பெண்களில் பலருக்கு மூட்டு வலி தானாகத் தணிவதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் 1930களில் கவனித்தார். அந்த மாதங்களில் உடலில் ஏதோ ஒரு பொருள் சுரந்து நோயை அடக்குகிறது என்று ஊகித்துத் தேடிய தேடல்தான் 1948இல் கார்ட்டிசோன் சிகிச்சையாகவும், 1950இல் நோபல் பரிசாகவும் முடிந்தது. பிள்ளை பிறந்த பின் நோய் மீண்டும் சீறுகிறது. நெதர்லாந்தில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் நோய் ஓரளவு தீவிரமாக இருந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தணிந்தது. மகப்பேற்றுக்குப் பின் 39 சதவீதத்தினருக்கு மறுபடி முற்றியது.

நம் கிராமங்களில் இதை வேறு விதமாகச் சொல்வார்கள். பச்சை உடம்போடு தண்ணீரில் கை வைத்தால் வாதம் பிடிக்கும் என்பது பிள்ளை பெற்றவளுக்குக் கிழவிகள் தரும் எச்சரிக்கை. மகப்பேற்றுக்குப் பின்னான சில மாதங்களில் கைகள் முடங்கிப்போன பெண்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த கண்கள் அந்தக் கிழவிகளுடையவை. அவர்கள் பார்த்தது உண்மை. காரணம் மட்டும் தண்ணீர் அல்ல. இந்த எச்சரிக்கைக்கு ஒரு கெட்ட விளைவும் உண்டு. கை வீங்கியவள் குற்றவாளி ஆகிறாள்: “சொன்னா கேட்டியா, சீக்கிரமே துணி துவைக்கப் போனே.” வைத்தியம் பார்க்க வேண்டிய மாதங்கள் பழி சுமப்பதில் கழிகின்றன. பிரசவம் முடிந்து ஆறு மாதத்துக்குள் விரல் மூட்டுகள் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம் என்பதைத் தடுப்பூசி போட வரும் கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவர் அறிந்திருந்தால் போதும். எத்தனையோ கைகள் பிழைக்கும்.

ஆணுக்கு வரும்போது இந்த நோய் சற்று வயது தள்ளி வருகிறது. வந்தபின் மூட்டோடு நிற்காமல் நுரையீரலை இறுக்குவதும், தோலுக்கடியில் முடிச்சுகளைத் தோற்றுவிப்பதும் ஆண்களிடம் அதிகம். புகை இதற்கு எண்ணெய் வார்க்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றின்படி, புகைக்கும் ஆண்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பெண்களிடம் அந்தக் கூடுதல் கால் பங்கைச் சற்றே தாண்டியது. பீடியும் சிகரெட்டும் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருக்கும் கரை இது. ஆணின் முடக்குவாதத்தில் தவிர்த்திருக்கக் கூடிய பங்கு பெரிது என்பதே இதன் பொருள்.

தூசியும் அப்படித்தான். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் முடிச்சுகளுக்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள உறவை ஆன்டனி கேப்லான் 1953இல் எழுதினார். சிலிக்கா தூசி ஆண்களிடம் நோயைக் கூட்டுவதைப் பின்னர் சுவீடனும் மலேசியாவும் காட்டின. மலேசியாவில், தமிழ் வம்சாவளியினரும் வாழும் மண்ணில், 910 பெண் நோயாளிகளை அதே வயதுடைய நோயில்லாத பெண்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. நெசவாலைத் தூசியில் வேலை செய்த பெண்களுக்கு நோய்வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது அது. தூத்துக்குடி பஞ்சாலை ஊர். 1908 பிப்ரவரியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்நின்ற கோரல் மில் வேலைநிறுத்தம் கூலிக்கும் ஓய்வுக்குமானது. பஞ்சுத் தூசி மூட்டுக்கும் பகையாகலாம் என்று அன்று எவருக்கும் தெரியாது. இன்று தெரிகிறது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்குபவரோ, ஆலையில் நூல் ஓட்டுபவரோ இருமலோடு வந்தால் விரல் மூட்டுகளையும் அழுத்திப் பார்ப்பதும், மூட்டு வலியோடு வந்தால் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதும் இந்த ஊர் மருத்துவரின் வழக்கமாக வேண்டும்.

கடலுக்குள் போகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. சங்கு குளித்தல் தொடர்கிறது. இரண்டுமே இக்கரையில் ஆண்களின் தொழில். சிலிண்டரோ குழாயோ வழியே காற்றை வாங்கிக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைவாக மேலேறினால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகித் தோளிலும் முழங்காலிலும் கடும் வலி தரும். பல ஆண்டுகள் இப்படிக் குளித்தவர்களுக்குத் தோள் எலும்பும் இடுப்பு எலும்பும் இரத்தமின்றிச் செத்துப்போவதுண்டு. அது முடக்குவாதம் அல்ல. பெரிய மூட்டில், பெரும்பாலும் சீரின்றி வரும். ஆனால் குளியாளி தன் தொழிலை வாய்விட்டுச் சொல்லாத வரை இரண்டையும் பிரித்தறிவது கடினம். முடக்குவாதத்துக்கான மாத்திரை இதற்கு உதவாது. 2006இல் தமிழகத்தைப் புரட்டிப்போட்ட சிக்குன்குனியாவும் இதே குழப்பத்தை விட்டுச் சென்றது. நாடெங்கும் சுமார் 14 லட்சம் பேரிடம் அந்த ஆண்டு அந்தக் காய்ச்சல் சந்தேகிக்கப்பட்டது. அதன் பின் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடித்த மூட்டு வலி பெண்களிடமே அதிகம். அன்றிலிருந்து எந்த விரல் வீங்கினாலும் “அந்தக் காய்ச்சல் விட்டுப்போன வலி” என்று ஒதுக்கிவிடுவது பழகிவிட்டது.

இனி எண்ணும் கருவிக்கு வருவோம். பெண்ணுக்கு நோய் உண்மையிலேயே கடுமையா, அல்லது கடுமையாக அளக்கப்படுகிறதா என்பதைப் பெரிய அளவில் கேட்டது குவெஸ்ட்-ஆர்.ஏ. என்ற பன்னாட்டு ஆய்வு. ஃபின்லாந்தைச் சேர்ந்த துலிக்கி சொக்கா தலைமையில் 2009இல் வெளியானது. 25 நாடுகள், 6,004 நோயாளிகள். ஐந்தில் நான்கு பேர் பெண்கள். நோயின் தீவிரத்தைக் காட்டும் டாஸ்-28 என்ற மதிப்பெண் பெண்களுக்குச் சராசரியாக 4.3, ஆண்களுக்கு 3.8. நோய் அடங்கிய நிலையை எட்டியவர்கள் ஆண்களில் 30 சதவீதம், பெண்களில் 17 சதவீதத்துக்கும் குறைவு. இதை மட்டும் படிப்பவர் பெண்ணுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்றே முடிவு கட்டுவார். ஆனால் வீங்கிய மூட்டுகள் மிகக் குறைவாக இருந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் பெண்களின் மதிப்பெண்ணே கூடி நின்றது. இந்த இடைவெளியில் ஒரு பங்கு நோயில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது என்ற ஐயத்தை ஆய்வாளர்களே எழுப்பினர்.

அந்த அளவுகோலைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். டாஸ்-28இல் நான்கு கூறுகள்: தொட்டால் வலிக்கும் மூட்டுகள், வீங்கிய மூட்டுகள், இ.எஸ்.ஆர். எனும் இரத்தப் பரிசோதனை, நோயாளி தானே தன் நிலைக்குக் கொடுக்கும் மதிப்பு. இதில் வலிக்கும் மூட்டுக்குத் தரப்படும் எடை வீங்கிய மூட்டுக்குத் தருவதைப் போல இரு மடங்கு. வலியைப் பெண்ணுடல் கூடுதலாக உணர்வதும், உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமையால்ஜியா பெண்களிடம் சேர்ந்து வருவதும் மருத்துவம் அறிந்தவை. அடுத்து இ.எஸ்.ஆர். நோயே இல்லாத பெண்ணுக்கும் இது ஆணைவிடச் சற்று உயர்ந்தே இருக்கும். வழக்கமான கணக்குப்படி 50 வயது ஆணுக்கு 25 வரை இயல்பு, அதே வயதுப் பெண்ணுக்கு 30 வரை. மதிப்பெண் சூத்திரமோ இருவருக்கும் ஒன்றுதான். இதோடு நம் நாட்டு நிலைமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. இரத்தசோகை இருந்தாலே இ.எஸ்.ஆர். ஏறும். கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தர வேண்டிய பெண்ணுக்கு மூட்டு மருந்தின் அளவைக் கூட்டும் அபாயம் இந்தச் சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

இன்னொரு குறை எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. டாஸ்-28 எண்ணும் 28 மூட்டுகளில் பாதமும் கணுக்காலும் இல்லை. இந்த நோய் பலருக்குக் கால் விரல்களின் அடிப்பந்தில்தான் முதலில் தலைகாட்டுகிறது. உவர்நீர்ப் பாத்தியில் மணிக்கணக்கில் நிற்பவள், ஆடும் படகின் தளத்தில் வெறுங்காலால் ஊன்றி நிற்பவன், ஈரத் தரையில் நின்று இறால் உரிப்பவள் என்று இந்தக் கரையின் பிழைப்பே பாதத்தின் மேல்தான் நிற்கிறது. பிழைப்பைத் தாங்கும் உறுப்பு மதிப்பெண்ணில் வராது என்றால், நோய் அடங்கிவிட்டது என்று எழுதப்படும் சீட்டுக்கு இவர்களிடம் என்ன பொருள்?

உடல் இயக்கத்தை அளக்கும் கேள்வித்தாளும் இப்படியே. ஜாடியின் மூடியைத் திறக்க முடிகிறதா, கனமான பொருளைத் தூக்க முடிகிறதா என்பன போன்ற கேள்விகள் மேலை நாட்டில் எழுதப்பட்டவை. பெண்ணின் கைப்பிடி வலு சராசரியாக ஆணுடையதில் ஏறத்தாழ 60 சதவீதம் என்பதால், ஒரே அளவு நோயிருந்தும் அவள் அதிக முடமானவளாகக் கணக்கில் வருவாள். அந்தப் பலவீனம் கணக்குப் பிழை மட்டும் என்று சொல்லிவிடவும் கூடாது. வலு குறைவாக இருப்பவள் நோயில் இன்னும் கொஞ்சம் இழந்தால் குடத்தைத் தூக்க முடியாத நிலைக்கு ஆணைவிட விரைவில் வந்துவிடுகிறாள் என்பது நிஜம். 2002இல் மாளவியா குழுவினர் இந்தியர்களுக்கென்று ஒரு கேள்வித்தாளைச் சோதித்து வெளியிட்டனர். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழ முடிகிறதா, காய்கறி நறுக்க முடிகிறதா, ஒற்றைக் கையால் சப்பாத்தியைப் பிய்க்க முடிகிறதா என்று அது கேட்டது. நல்ல அடி அது. சோறு பிசையும் தமிழ்நாட்டுக் கைக்கு இன்னும் ஓரடி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடிக்கு ஒரு கேள்வித்தாள் எழுதினால் அதில் என்ன இருக்க வேண்டும்? வாருபலகையை இழுக்க முடிகிறதா? உப்புப் பெட்டியைத் தலைக்கு ஏற்றி அம்பாரத்தில் கொட்ட முடிகிறதா? அரிவாள்மனையில் மீன் ஆய முடிகிறதா, ஐஸ் தண்ணீருக்குள் கை விட்டு இறால் உரிக்க முடிகிறதா? கயிறு பிடித்து வலை வலிக்க முடிகிறதா? வலையின் கண்ணில் ஊசி கோத்து முடிச்சுப் போட முடிகிறதா? மினி பஸ்ஸில் மீன் சட்டியோடு ஏறிக் கம்பியைப் பிடித்து நிற்க முடிகிறதா? ஆணுக்கும் பெண்ணுக்கும் இவை ஒன்றாக இரா. அதனால்தான் கேட்க வேண்டும். ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலுக்காகத் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரே வந்து தொழிலாளர் வாழ்வைக் கண்டு எழுதினார். ஒரு நாவலாசிரியர் செய்த வேலையை மருத்துவ ஆய்வு செய்யத் தயங்குவதற்கு நியாயம் இல்லை.

ஆணின் நோய் குடும்பத்தில் தெரிந்துவிடும் விதமும் வேறு. ஒருவன் இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை என்றால் பங்குக் காசு நின்றுவிடும். வீடும் கரையும் அன்றே கேட்கும். பெண் உப்பளத்துக்குப் போகாத நாளிலும் தண்ணீர் எடுப்பாள், துவைப்பாள், ஆக்குவாள். அவள் முற்றிலும் நின்றுபோகும் வரை நோய் யார் கண்ணிலும் விழுவதில்லை. கல்யாணமாகாத பெண் என்றால் நோயை மறைப்பதே குடும்பத்தின் முதல் வேலையாகிவிடுகிறது. ஆணோ வேறு விதத்தில் மறைக்கிறான். வலியைச் சொல்வது ஆண்மைக்குக் குறைவு என்று நினைத்து, வலி ஊசி போட்டுக்கொண்டு, மாலையில் குடித்து, கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறான். அவன் மருத்துவமனைக்கு வரும்போது மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கும். இவர்களில் யாருடைய துயரம் பெரிது என்று நிறுத்துப் பார்க்க நான் விரும்பவில்லை. இருவரும் தாமதமாகவே வருகிறார்கள், தாமதத்துக்கான காரணங்கள் வேறு.

அந்தத் தாமதத்தை நிரப்புவது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் கடையில் எளிதாகக் கிடைக்கின்றன. வலியை ஆற்றும், நோயைத் தொடாது. உப்பளத்தில் அவற்றால் தனி ஆபத்தும் உண்டு. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்து, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைப்பதும், 7 சதவீதத்தினரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதும் தெரிந்தது. கழிப்பிடம் இல்லாத அளத்தில் பெண்கள் சிறுநீரை அடக்குவதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். நீர் வற்றிய உடலில் வலி மாத்திரை சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். முடக்குவாதத்துக்கு முதன்மை மருந்தான மெதோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியேதான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் அது உடலில் தங்கி நஞ்சாகும். ஆக, உப்பளத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டுவது முடக்குவாதச் சிகிச்சையின் ஒரு பகுதியே. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

மெதோட்ரெக்சேட்டை வாரம் ஒரே ஒரு நாள்தான் விழுங்க வேண்டும். தினம் ஒன்று என்று தவறாக எடுத்துக்கொண்டு இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. கூடவே ஃபோலிக் அமிலம், குறிப்பிட்ட இடைவெளியில் கல்லீரல், இரத்த அணுச் சோதனை. இதில் ஆண் பெண் வேறுபாடு கூர்மையாகத் தெரியும். கருவுற நினைக்கும் பெண் ஒன்றிலிருந்து மூன்று மாதம் முன்பே இதை நிறுத்த வேண்டும், ஏனெனில் கருவைச் சிதைக்கும். லெஃப்ளுனோமைடு இன்னும் நெடுநாள் உடலில் தங்கும். அதை வெளியேற்றத் தனி மருந்து தேவை. ஹைட்ராக்சிகுளோரோகுவின் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் தரத்தக்கது. ஆணைப் பொறுத்தவரை தந்தையாக விரும்புபவர் மெதோட்ரெக்சேட்டைத் தொடரலாம் என்றே இப்போதைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சல்ஃபசாலசின் எடுத்தால் விந்தணு தற்காலிகமாகக் குறையும், நிறுத்தினால் மீளும். இந்த விவரம் தெரியாததால் குழந்தையில்லாப் பழியை மனைவி சுமக்கும் வீடுகள் இருக்கக்கூடும். ஆணுக்கான பெரிய எச்சரிக்கை மது. மெதோட்ரெக்சேட்டும் மதுவும் ஒரே கல்லீரலைத்தான் தாக்குகின்றன.

எந்த நாளில் விழுங்குவது? கத்தோலிக்க மீனவர் மிகுந்த இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பூசைக்குப் போய்வந்து வீட்டில் இருக்கும் நாள். மாத்திரை எடுத்த பின்னான குமட்டலையும் அசதியையும் தரையில் கழிக்க அந்த நாள் தோதானது. ஆனால் பலரும் குடிக்கும் நாளும் அதுவே. இந்த இரண்டையும் வெளிப்படையாகப் பேசி நாளைக் குறித்துக் கொடுக்கும் மருத்துவரிடம்தான் மீனவர் மீண்டும் வருவார்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி அருகிலேயே இருப்பதால் இப்பகுதி மக்கள் சித்த மருத்துவத்தை நாடுவது இயல்பு. படித்த சித்த மருத்துவரிடம் போவதைப் பற்றி எனக்குக் குறை இல்லை, இரண்டு மருத்துவர்களும் ஒருவர் தரும் மருந்தை மற்றவர் அறிந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர. பெயரும் முகவரியும் இல்லாமல் விற்கும் பொடிகள் வேறு. அவற்றில் ஸ்டீராய்டு கலப்பது நாடெங்கும் கண்டறியப்பட்ட மோசடி. ஒரே வாரத்தில் வலி பறந்துவிடும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்பு மேலும் நொறுங்கும்.

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆண்களிடம் இது வெளிப்படையாகத் தெரிகிறது. பெண்களிடம் நெஞ்சு வலியும் மூட்டு வலியோடு சேர்த்து ஒதுக்கப்படுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளோடு இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார். வாசல் வரை வரும் அந்த ஊழியர் வீட்டுப் பெண்ணின் விரல்களை ஒருமுறை மடக்கச் சொல்லிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தர அரசு பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிறது. வேலையற்ற அந்த மூன்று மாதத்தில் அதே பட்டியலை வைத்து மூட்டும், இரத்தசோகையும், சிறுநீரகமும் சோதிக்கும் முகாம் நடத்தலாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி 2000இலிருந்து இயங்குகிறது. ஆணையும் பெண்ணையும் தனித்தனியே எண்ணி, பாதத்தையும் சேர்த்து எண்ணி, வேலையைக் கேட்டு எழுதும் ஒரு கணக்கெடுப்பை இந்தக் கடற்கரைக் கிராமங்களில் அதன் மாணவர்கள் செய்ய முடியும்.

படிக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது கை விரல்களின் அடி மூட்டோ, மணிக்கட்டோ, கால் விரல் அடிப்பந்தோ இரு பக்கமும் வீங்கி, எழுந்தபின் அரை மணிக்கு மேல் விறைப்பு நீடித்து, ஆறு வாரம் கடந்துவிட்டால், வலி மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். முடக்குவாதமா என்று நேராகக் கேட்டு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலான கைகள் கோணாமல் காப்பாற்றப்படும். வீட்டுப் பெண்கள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், அதனால் நீங்களே கேளுங்கள்.